செப்ஸ்டோ கோட்டைக்கு நாயோடு நடக்க மூன்று வழிகள்

டின்டர்ன் மடாலய இடிபாடுகளிலிருந்து செப்ஸ்டோ கோட்டைக்கு நடந்து போக மூன்று பாதைகள் உண்டு. மூன்றும் வை நதிப் பள்ளத்தாக்கில்தான் போகின்றன, மூன்றுமே 8 முதல் 10 கி.மீ.க்குள் முடிந்துவிடும். நதியின் மேற்குக் கரை வேல்ஸ், கிழக்குக் கரை இங்கிலாந்து. மேற்கே இருப்பது வை வேலி வாக். கிழக்கே மேட்டில் ஆஃபாஸ் டைக் பாதை, அதற்குக் கீழே பழைய ரயில் தடத்தில் 2021-இல் திறந்த கிரீன்வே. செப்ஸ்டோவிலிருந்து 69-ஆம் எண் பஸ்ஸில் டின்டர்ன் போய்விட்டு, கோட்டையை நோக்கித் திரும்பி நடப்பதுதான் வசதி. நடை முடிகிற இடத்தில் கோட்டை காத்திருக்கும்.

எங்கள் நாய் மணியோடு மூன்றிலும் நடந்திருக்கிறேன். மனிதர்களுக்கு எழுதுகிறவர்கள் எந்தப் பாதையில் காட்சி அழகு என்று ஒப்பிடுவார்கள். நாய்க்கு வேண்டியது வேறு: காலுக்கு இதமான தரை, முகர்ந்து பார்க்க நிறைய காடு, ஆடுமாடும் செங்குத்துப் பாறையும் குறைவாக இருக்கிற வழி. நான் அதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

அதற்கு முன் மூன்றுக்கும் பொதுவான ஒன்று. பக்கத்திலேயே நதி ஓடுகிறதே, தண்ணீருக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் வை நதி போய்ச் சேரும் செவர்ன் கழிமுகத்தின் கடல் ஓத ஏற்ற இறக்கம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அந்தக் கடல் ஓதம் வை நதிக்குள் டின்டர்னையும் தாண்டி ஏறுகிறது. நீர் வடியும்போது கரை முழுக்க வழுக்கும் சேறு, ஏறும்போது பயங்கர இழுப்பு. நாயைத் தயவுசெய்து இறக்காதீர்கள். குடிக்கத் தண்ணீரும் ஒரு கிண்ணமும் பையில் இருக்கட்டும்.

ஆஃபாஸ் டைக்கில் காட்சிக்குக் குறையே இல்லை. 8-ஆம் நூற்றாண்டில் மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய அரசின் மன்னர் ஆஃபா எழுப்பிய மண்கரையை ஒட்டியே நடக்கிறோம். டின்டர்னில் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்து செங்குத்தாக ஏறினால் டெவில்ஸ் பல்பிட் என்ற சுண்ணாம்புப் பாறை வரும். அங்கே நின்றுதான் சாத்தான் கீழே மடத்துத் துறவிகளுக்கு ஆசைகாட்டினான் என்பது ஊர்க்கதை. ஆனால் நாய்க்கு இது கடினமான வழி. வேலிகளைத் தாண்டும் மரப்படிகளில் பெரிய நாயைத் தூக்கித்தான் விடவேண்டும். வின்டர்ஸ் லீப் பக்கம் பாதை பாறை விளிம்பை ஒட்டிப் போகிறது. அப்புறம், ஃபாரஸ்ட் ஆஃப் டீன் காட்டுப்பன்றிகள் இந்தக் கரையில்தான். குட்டிகளோடு இருக்கும் பன்றி நாயைக் கண்டால் விடாது. மணியை ஒரு நொடிகூடக் கயிற்றிலிருந்து அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. வழி நெடுக நான் மணியைக் கவனித்தேனே தவிர, நதியைப் பார்க்கவில்லை.

கிரீன்வே இதற்கு நேர் எதிர். 1876-இல் ரயில் ஓடத் தொடங்கிய தடம் என்பதால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நடுவே டைடன்ஹாம் சுரங்கம், 1 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். வெயில் நாளில் உள்ளே நுழைந்ததும் நாயின் மூச்சிரைப்பு அடங்குவது கண்ணுக்கே தெரியும். மூட்டு வலிக்கும் வயசான நாய்க்கு வேறு பாதையே யோசிக்க வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் வௌவால்கள் குளிர்காலம் முழுக்க உறங்குவதால் அக்டோபர் முதல் மார்ச் வரை அது மூடியிருக்கும். உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு, சைக்கிள்களும் வரும், அதனால் கயிற்றைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும். கடைசிப் பகுதி வெறும் வீட்டுத் தெருக்கள்.

சரி, என் தேர்வு மேற்குக் கரைதான். நல்ல தெம்புள்ள நாய் என்றால் வை வேலி வாக்கை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. பெரும்பாலும் காடு, காலடியில் சருகும் மண்ணும். ஈகிள்ஸ் நெஸ்ட்டில் நின்றால் வை நதியின் வளைவும் தூரத்தில் செவர்ன் பாலங்களும் ஒன்றாகத் தெரியும். அங்கிருந்து இறங்கும் 365 படிகள் பேர்பெற்றவை, ஆனால் கரடுமுரடாகச் சரியும் அந்தப் படிகளில் நாயை இழுக்காமல் மேலே தொடரும் பாதையிலேயே போய்விடுங்கள். அடுத்து வருவது பியர்ஸ்ஃபீல்ட் என்ற பழைய எஸ்டேட். 1750-களில் அதன் சொந்தக்காரர் வேலன்டைன் மாரிஸ் விருந்தாளிகள் உலாவுவதற்காக வெட்டிய பாதைகள் அவை. ஜயன்ட்ஸ் கேவ் என்ற இடத்தில் பாறையைக் குடைந்தே வழி போகிறது. மணி அதற்குள் நுழைந்ததும் ஒரு தடவை குரைத்து, தன் எதிரொலியைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டது.

இந்தப் பாதைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. வசந்தகாலத்தில் காட்டுத்தரை முழுக்கக் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்திருக்கும். வெங்காயம், பூண்டு போலவே அதுவும் நாய்க்கு விஷம். இலை மெல்லும் பழக்கமுள்ள நாயானால் ஏப்ரல், மே மாதங்களில் பாதையின் நடுவிலேயே நடத்துங்கள்.

மேற்குப் பாதை கோட்டை அடிவாரத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. 1067-இல் நார்மன் பிரபு வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பெர்ன் கட்டத் தொடங்கிய கோட்டை, நதிப் பாறையின் மேல் நீளவாக்கில் படுத்திருக்கிறது. கயிற்றில் பிடித்த நாயைத் தரைத்தளம் வரை விடுகிறார்கள், கோபுரங்களில் ஏற்ற முடியாது. அதனால் இரண்டு பேராகப் போவது நல்லது. முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை விதித்தவர்களில் ஒருவரான ஹென்றி மார்ட்டன் 1680-இல் இறக்கும்வரை சிறையிருந்த கோபுரத்தை நாங்கள் முறைவைத்துத்தான் பார்த்தோம். 1190-க்கு முன் செய்த பெரிய மரக்கதவுகளை மட்டும் நாயோடு நின்றே பார்க்கலாம். 1962 வரை வாசலில் தொங்கிய அவை இப்போது உள்ளே பத்திரமாக இருக்கின்றன.

கிழக்குக் கரையில் வருகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவர்கள் 1816-இன் இரும்புப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைவார்கள். கோட்டை பாறையிலிருந்தே முளைத்தது போலத் தெரிவது அந்தப் பாலத்திலிருந்துதான். மேற்கே நடந்து வந்தாலும் கோட்டையைப் பார்த்து முடித்ததும் பாலத்தின் நடுவரை போய்வாருங்கள். சில நிமிட நடைதான், களைத்த நாயும் வந்துவிடும்.