மாசி வீதிகளுக்குள் ஆறு நாள் சாப்பாடு

சிங்கப்பூரில் பதினாறு ஆண்டுகள் கழித்தபின், இம்முறைதான் மதுரையில் உறவினர் வீட்டில் தங்காமல் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கினோம். திருப்பரங்குன்றத்து வீட்டை விற்றுவிட்டதால் வேறு வழியில்லை. எழுபத்து நான்கு வயதான அப்பா, கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேருக்கும் ஆறு நாட்களுக்கு மூன்று வேளையும் வெளிச் சாப்பாடுதான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் வேளை தவறக் கூடாது. சின்னவளுக்கோ காரம் ஆகாது. மீனாட்சி கோயிலைச் சுற்றி இத்தனை உணவகங்கள் இருக்கும்போது இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் நாள் இரவே அந்த நினைப்பு மாறியது.

கோபுரத்துக்கு எதிரிலேயே, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக இருந்த ஓர் உணவகத்துக்குள், களைப்பில் யாரையும் விசாரிக்காமல் நுழைந்தோம். அதன் பெயரைச் சொல்வது இங்கே என் நோக்கமன்று. சாம்பார் ஆறிப்போயிருந்தது, இட்லி காலையில் அவித்து மீண்டும் சூடாக்கியது என்பது விரலால் தொட்டதுமே தெரிந்தது. நாங்கள் கேட்காமலேயே இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களைத் திறந்து வைத்தார்கள். பில்லில் சரக்கு சேவை வரிக்கு மேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தது. அப்படி ஒரு கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதைக் கல்லாவில் இருந்தவரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பில்லை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. கேட்டால் பெரும்பாலும் சரிசெய்துவிடுகிறார்கள்.

மறுநாள் காலை தெற்காவணி மூல வீதியில் அப்பாவின் மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வழி கிடைத்தது. அந்த வீதி முழுக்க நகைக்கடைகளும் பட்டறைகளும்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள். தினமும் கைக்காசு கொடுத்துச் சாப்பிடுவதால் ஒரு கடையில் எண்ணெய் மாறினால்கூட அவர்களுக்குத் தெரிந்துவிடும். பட்டறையில் இருந்த இளைஞரிடம், "தம்பி, இங்க நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டதும், நான் ஏற்கெனவே கைப்பேசியில் பார்த்து வைத்திருந்த அதே மூன்று பெயர்களைச் சொன்னார். "நீங்க மதியம் எங்க சாப்பிடுவீங்க?" என்று மாற்றிக் கேட்டதும் சிரித்தார். "அது வேற அக்கா. விருந்தாளிக்குன்னா பெரிய கடையத்தான் சொல்லுவோம். நாங்க போறது சந்துக்குள்ள ஒரு மெஸ்ஸு. பன்னெண்டரைக்கு முன்னாடி போயிடுங்க, ஐயாவுக்கு உக்கார எடம் கெடைக்கும்."

பன்னிரண்டரை என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நண்பகல் 12.30 மணிக்குக் கோயில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள். உள்ளே இருந்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் சித்திரை வீதிகளில் இறங்குகிறது; அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கோயிலை ஒட்டிய எந்த உணவகத்திலும் நாற்காலிக்குப் பின்னால் ஆள் காத்து நிற்பார்கள். சமையலறை திணறும், பரிமாறுகிறவர் ஓடுவார், எப்போதும் நன்றாகச் சமைக்கிற கடையிலும் அந்த நேரத்தில் பொரியல் அரைவேக்காடாக வரும். இரண்டு மணிக்கு மேல் போனால் மெஸ்களில் கூட்டு தீர்ந்திருக்கும். ஆகவே பதினொன்றே முக்காலுக்கு இலையில் உட்கார்ந்துவிடுவது என்று வழக்கமாக்கிக்கொண்டோம். அப்பாவின் மாத்திரைக்கும் அந்த நேரம் பொருந்தியது. காலையில் தரிசனத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 2018 முதல் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. எந்தக் கோபுர வாசலில் ஒப்படைத்தோமோ அங்கேயேதான் திரும்பி வந்து வாங்க வேண்டும். எனவே சாப்பிடப் போகும் கடைக்குப் பக்கமான வாசல் வழியாக உள்ளே போவது, வயதானவர்களுக்கு வெயிலில் ஒரு வீதி நடையை மிச்சப்படுத்தும்.

அந்தச் சந்து மெஸ்ஸில் நான் கண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரே அறை. இலையைப் போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பாகற்காய் வறுவல், கீரை, பருப்பு, வத்தக்குழம்பு, ரசம், மோர் என எல்லாம் ஆவி பறக்க வந்தன. பரிமாறிய அம்மா, அப்பா சோற்றைக் குறைத்து வைக்கச் சொன்னதைக் கவனித்துவிட்டு, "சக்கரையா ஐயா? கீரைய நல்லா வச்சுக்கங்க" என்று சொல்லி இரண்டாம் முறையும் கீரை வைத்தார். சின்னவளுக்கு வத்தக்குழம்பு கொண்டுவரவில்லை. பருப்பில் நெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடச் சொன்னார். பணம் கொடுத்து வாங்குகிற சேவையில் இப்படி ஓர் அக்கறையை நான் பார்த்து நெடுநாளாயிற்று. சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஒட்டப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் கடை வாசலிலேயே தரக் குறியீட்டைப் பார்த்துப் பழகிய என் பிள்ளைகள் அதைத் தர மதிப்பெண் என்று நினைத்தார்கள். அது பதிவு பெற்ற கடை என்பதை மட்டுமே காட்டும், சமையலறை சுத்தமா என்பதைக் காட்டாது என்று விளக்கினேன். சுத்தத்தைக் கை கழுவும் இடத்தையும் துடைக்கிற துணியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பெயர் பெற்ற கடைகள் எல்லாம் வெறும் பெயர்தான் என்று நான் சொல்லவில்லை. மேலச் சித்திரை வீதியில் உள்ள கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பத்தைப் பள்ளிக்கூடக் காலத்தில் சாப்பிட்டது. இப்போதும் காரச் சட்னியோடு அதே ருசியில் கிடைத்தது. சிம்மக்கல் கோனார் மெஸ்ஸின் கறி தோசைக்காக இரவு போனோம். கனத்த தோசைக்கல்லில் மாவை ஊற்றி, அதன்மேல் முட்டையைப் பரப்பி, வெந்த ஆட்டுக்கறியைக் குழம்போடு அள்ளி வைத்து, திருப்பிப் போட்டு அழுத்தும்போது எழும் மணத்துக்காகவே கல்லுக்கு அருகில் இருந்த இருக்கையைக் கேட்டு வாங்கினோம். ஒன்றை இருவர் பகிர்ந்துகொண்டால் போதும். விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் இயங்கும் ஜிகர்தண்டா கடைக்கும் போனோம். பாதாம் பிசினையும் நன்னாரி சர்பத்தையும் சுண்டக் காய்ச்சிய பாலையும் சேர்க்கிற விதத்தைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஆனால் ஊர் முழுக்க அதே பெயரைச் சற்று மாற்றி எழுதிய பலகைகள் தொங்குகின்றன. எனவே ஆட்டோக்காரரிடம் கடையின் பெயரை மட்டும் சொல்லாமல் வீதியின் பெயரையும் சேர்த்துச் சொல்வது அவசியம். ஒருவர் எங்களை வேறொரு கடை வாசலில் இறக்கிவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான்மா" என்றார். அது ஒன்றல்ல.

வீதிகளின் அமைப்பைத் தெரிந்துகொள்வதும் உதவும். கோயிலுக்கு உள்ளே ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என அடுக்கடுக்காகச் சுற்றி வருகின்றன. சித்திரை வீதிகளில் வாகனம் நுழைய முடியாது. எங்கள் அனுபவத்தில் கோயிலை விட்டு ஒவ்வோர் அடுக்காக வெளியே போகப் போக விலை குறைந்தது, சூடு கூடியது. மாசி வீதிக்கு வந்துவிட்டால் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களாக இருந்தார்கள்.

குறையாக நான் சொல்ல வேண்டியது கழிப்பறை பற்றியது. நல்ல சாப்பாடு கிடைத்த சிறிய மெஸ்களில் கழிப்பறை இல்லை. கழிப்பறை இருந்த பெரிய கடைகளில் சாப்பாடு அவ்வளவாகச் சரியில்லை. அப்பாவைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமன்று. இரண்டு நாள் அவர் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்ததைப் பிறகுதான் கவனித்து வருந்தினேன். அதன்பின் விடுதிக்குப் பத்து நிமிட நடைக்குள் இருக்கிற கடைகளையே தேர்ந்தெடுத்தோம். முதியவர்களோடு வருகிறவர்கள் அறை எடுக்கும்போதே இதை மனத்தில் கொள்ளுங்கள். இன்னொன்று, சிறிய கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்ப வசதி இல்லாதவர்கள் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாக வைத்திருக்க வேண்டும்.

கடைசி நாள் மதியமும் அதே சந்துக்குத்தான் போனோம். விமானத்துக்காக இட்லி கேட்டிருந்தேன். காலையிலேயே அவித்து, பொடியும் நல்லெண்ணெயும் இரு பக்கமும் தடவி, வாட்டிய வாழை இலையில் மடித்து, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்தார் அந்த அம்மா. சின்னவளுடைய பொட்டலத்தில் மட்டும் பொடி இல்லாமல் நெய் தடவியிருந்தார்; அடையாளத்துக்கு அந்தக் கட்டில் நூலை இரட்டையாகச் சுற்றியிருந்தார்.