இரண்டு பீகிள் நாய்களுடன் ஒரு நாள் முயல் வேட்டை: பென்சில்வேனியாவின் ஒரு வழிகாட்டிச் சேவை குறித்து

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், தன் குடும்பப் பண்ணையிலும் அதை ஒட்டிய அண்டை நிலங்களிலும் விருந்தினரை முயல் வேட்டைக்கு அழைத்துச் செல்லும் ஒரு சிறு சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. நடத்துபவர் ஒருவரே, அவரிடம் உள்ள நாய்களும் இரண்டே. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். இருவர் கொண்ட குழுவுக்கு ஒரு நாள் கட்டணம் 350 டாலர். வேட்டை உரிமம், துப்பாக்கி, தோட்டா, மதிய உணவு ஆகிய எதுவும் அதில் அடங்காது. இறைச்சிக் கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. இம்மாநிலத்தில் ஒருவர் ஒரு நாளில் நான்கு காட்டன்டெயில் முயல்களுக்கு மேல் எடுக்கக் கூடாது. நன்கு வளர்ந்த ஒரு முயலே ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. ஆனால் மோப்ப நாய்கள் ஒரு தடத்தை எவ்வாறு எடுக்கின்றன, எவ்வாறு தொலைக்கின்றன, மீண்டும் எவ்வாறு கண்டெடுக்கின்றன என்பதை அருகில் நின்று பார்க்க விரும்புபவருக்கு இந்தப் பணம் முழுமையாகத் தகும் என்பதே என் கருத்து.

நம் ஊரில் முயல் வேட்டை என்றதும் நினைவுக்கு வருபவை கன்னியும் சிப்பிப்பாறையும். அவை கண்ணால் பார்த்து, வேகத்தால் விரட்டிப் பிடிக்கும் இனங்கள். (1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம் என்பதால் அந்த நாய்களின் பழைய தொழில் இன்று பேச்சளவில்தான் இருக்கிறது.) பீகிளின் வழி முற்றிலும் வேறு. தோள் உயரம் 15 அங்குலத்தைத் தாண்டாத இந்தக் குட்டைக் கால் நாயால் முயலை ஓடிப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. காட்டன்டெயில் முயல் தனக்குப் பழகிய சில ஏக்கர் நிலத்தை விட்டு வெளியேற விரும்பாது. விரட்டப்பட்டால் நெளிந்தும் வளைந்தும் ஓடி, ஒரு பெரிய வட்டமடித்து, கிளம்பிய இடத்திற்கு அருகிலேயே திரும்பி வரும். ஆகவே வேட்டைக்காரர் நாயின் பின்னால் ஓடுவதில்லை. முயல் எழுந்த இடத்திற்கு அருகே, பார்வை படும் ஒரு திறப்பில் அசையாமல் நின்று, நாய்களின் குரல் விலகிப்போவதையும் திரும்பி நெருங்குவதையும் காதால் பின்தொடர்கிறார். நாய் மெதுவாக வருவது இங்கே ஒரு நன்மை. மிகவும் நெருக்கி விரட்டினால் முயல் வட்டமடிப்பதை விட்டு அருகிலுள்ள ஏதாவது ஒரு பொந்துக்குள் புகுந்துவிடும். காட்டன்டெயில் தானே வளை தோண்டாது என்றாலும், கிரவுண்ட்ஹாக் என்னும் கொறிவிலங்கு தோண்டிப் போட்ட வளைகள் இந்த நிலமெங்கும் உள்ளன. அவ்வாறு ஒரு முயல் உள்ளே போனதும் வழிகாட்டி நாய்களைக் கயிற்றில் பிடித்து வேறு பக்கம் நடத்திச் சென்றுவிட்டார். வளையைத் தோண்டவோ குச்சியால் குத்தவோ இல்லை. அவர் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்ட முதல் இடம் அது.

நாய்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இச்சேவையின் தரம் அவற்றில்தான் இருக்கிறது. ரூபி என்ற மூத்த பெண் நாயும் டியூக் என்ற இளம் ஆண் நாயும் குணத்தில் நேரெதிரானவை. டியூக்கின் குரல் விட்டுவிட்டு வெட்டி வெட்டி ஒலிக்கும். ரூபியினுடையது நீண்ட ஊளை போன்ற இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத புதருக்குள் எந்த நாய் முன்னால் இருக்கிறது என்பதைச் சிறிது நேரத்திலேயே நாமும் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறோம். டியூக் வேகமானது. முயல் திடீரென்று திரும்பிய இடத்தில் நிற்காமல் பத்திருபது அடி கடந்து ஓடிவிடும். அப்போது குரல் சட்டென்று நின்றுபோகும். தடம் அறுபட்ட இந்த மௌனத்தில்தான் இரண்டாவது நாயின் அருமை விளங்குகிறது. ரூபி அவசரப்படாமல், தடம் கடைசியாக இருந்த இடத்திற்கே திரும்பி வந்து, அங்கிருந்து சிறு வட்டங்களாக மூக்கை ஓட்டி, முயல் பிரிந்த திசையைக் கண்டுபிடித்து ஒரே ஒரு முறை நீளமாகக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டதும் டியூக் ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றாகப் பாடத் தொடங்கும். பத்து நாய்கள் கொண்ட கூட்டத்தில் இந்த வேலைப் பிரிவினையைக் கவனிக்கவே முடியாது. எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். பார்த்துப் புரிந்துகொள்ள இரண்டு நாய்களே சரியான எண்ணிக்கை.

ரூபிக்கு ஒரு குற்றமும் சொல்ல முடியாது. டியூக் மட்டும் ஒருமுறை மான் தடத்தில் நாட்டம் காட்டியது. மானை நாய் விரட்டுவது இம்மாநிலத்தில் சட்டப்படி தவறு. பீகிள் வளர்ப்பவர்களிடையே அது நாயின் பெரிய குறையாகவும் கருதப்படுகிறது. கழுத்துப்பட்டையின் செயற்கைக்கோள் இருப்பிடக் கருவியில் நாய் நேர்கோட்டில் விலகிப்போவதைக் கண்ட வழிகாட்டி, அதே பட்டையின் அதிர்வை மட்டும் பயன்படுத்தித் திருப்பி அழைத்தார். மின்னதிர்ச்சி கொடுக்கும் வசதி அதில் இருந்தும் அவர் அதைத் தொடவில்லை.

காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டு ஒன்பதரை வரை நாய்களை அவிழ்க்காமல் இருந்தது என் நண்பருக்கு எரிச்சலூட்டியது. காரணம் நியாயமானதே. உறைபனி கெட்டியாகப் படிந்திருக்கும் நிலத்தில் மணம் எழும்புவதில்லை. வெயில் பட்டு, பனி இளகி, புல் ஈரமாகும்போதுதான் தடம் மூக்கிற்கு எட்டும். உலர்ந்த காற்று வீசும் நாளும், பொடிபோன்ற புதுப்பனி விழுந்த கடுங்குளிர் நாளும் மோப்பத்திற்கு ஆகாதவை. ஆனால் இதைத் தெரிந்த ஒருவர் விருந்தினரை ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருக்கலாம் அல்லவா? காத்திருந்த நேரத்தில் தரப்பட்ட காபியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.

நிலம் மிக நன்றாக இருந்தது, அதாவது மனிதர் நடக்க மிக மோசமாக இருந்தது. கைவிடப்பட்ட வயல்கள், வெட்டிக் குவித்த கிளைக் குவியல்கள், இவற்றைச் சுற்றி மல்டிஃப்ளோரா என்னும் காட்டு ரோஜாவின் முள் அரண்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த இந்தச் செடியை 1930களில் மண்ணரிப்பைத் தடுக்கவும் உயிர்வேலியாகவும் நடுமாறு அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறையே ஊக்குவித்தது. இன்று அது கட்டுக்கடங்காமல் பரவி, களைப்பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது. முயலுக்கோ அதைவிடப் பாதுகாப்பான வீடு கிடையாது. சாதாரண ஜீன்ஸ் அணிந்து போனால் ஒரு மணி நேரத்தில் தொடையெல்லாம் கீறலாகிவிடும். முன்பக்கம் தடித்த துணி வைத்துத் தைத்த வேட்டைக் காற்சட்டையும் தோல் கையுறையும் அவசியம். தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. இந்த ஆரஞ்சு உடுப்பை மட்டும் வழிகாட்டி இலவசமாகத் தருகிறார்.

துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிய அவருடைய அறிவுரை சுருக்கமானது, கண்டிப்பானது. முயல் முதன்முதலில் துள்ளி எழும்போது சுடக் கூடாது. அப்போது நாய்கள் அதற்கு மிக அருகில் இருக்கும், சுட்டுவிட்டால் நாய்களுக்கு ஓட்டமும் இல்லை. இரண்டு நாய்களும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது. தரையோடு தாழ்வாகச் சுடுவதால் பக்கத்தில் நிற்பவர் இருக்கும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். வட்டமடித்துத் திரும்பும் முயல் நாய்களுக்கு வெகுமுன்னால், பெரும்பாலும் ஓடாமல் நின்று நின்று வரும் என்பதால் பொறுமையாக இருப்பவருக்கு நேரம் போதுமானது. நண்பர் கொண்டுவந்த 20 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கியும் ஆறாம் எண் ரவையும், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகளும், தாராளமாகப் போதும் என்றார் வழிகாட்டி. அப்படியும் எங்களைக் கடந்துபோன முயல்களே அதிகம். அதற்கு நாய்களைக் குறைசொல்ல வழியில்லை.

இனி, திருத்திக்கொள்ள வேண்டியவை. புதியவர்களை வரவேற்கிறோம் என்று விளம்பரத்தில் சொல்லும் இச்சேவை, புதியவருக்கு எவையெல்லாம் தேவை என்பதைச் சொல்வதே இல்லை. இதற்குமுன் வேட்டை உரிமம் பெறாதவர் இம்மாநிலத்தில் முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு உரிமக் கட்டணமும் கூடுதல். நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. எனவே உரிமம் கைக்கு வரும்வரை நண்பரின் துப்பாக்கியை விளையாட்டாகக்கூடத் தொட்டுப் பார்க்க வேண்டாம். உரிமம் எடுக்க விருப்பமில்லாதவர் துப்பாக்கியின்றி உடன் நடக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, முழு நாள் என்று எழுதியிருந்தும் பிற்பகல் இரண்டு மணிக்கே நாய்களைக் கூண்டில் ஏற்றிவிட்டார். ரூபியின் காது முள்ளில் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வால் நுனியும் அப்படியே. நாய்கள் களைத்த பின் நிறுத்துவதே முறை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் அதை முன்பே எழுதிவைத்தால் பணம் கொடுப்பவருக்கு மனத்தாங்கல் இராது.

முயல்களைச் சுத்தம் செய்து தரும் வேலையை அவர் குறையின்றிச் செய்தார். காட்டு முயலிலிருந்து துலரீமியா என்னும் பாக்டீரியா நோய் மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதால் ரப்பர் கையுறை அணிந்தே தோலுரித்தார். ஒவ்வொரு ஈரலையும் வெளிச்சத்தில் பிடித்து வெண்புள்ளிகள் உள்ளனவா என்று பார்த்தார். வீட்டில் சமைப்பவர் ரவைத் துணுக்குகளை விரலால் தடவித் தேடி எடுத்துவிட வேண்டும். இறைச்சியை அரைவேக்காட்டில் இறக்கிவிடக் கூடாது. கொழுப்பே இல்லாத கறி என்பதால் நேரடியாக வறுத்தால் நார் நாராக வறண்டுவிடுகிறது. இஞ்சி பூண்டு விழுதும் மோரும் சேர்த்து ஓர் இரவு ஊறவைத்து, சின்ன வெங்காயத்துடன் குக்கரில் வேகவிட்டு, பிறகு நல்லெண்ணெயில் மிளகு தூக்கலாகப் போட்டுச் சுருட்டி எடுத்தது எங்களுக்கு நன்றாக அமைந்தது.

மான் வேட்டைக்கான பரபரப்பு ஓய்ந்த பிறகு, சனவரி, பிப்ரவரி மாதங்களின் வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இலையெல்லாம் உதிர்ந்து பார்வை நீண்டிருக்கும். காடும் அமைதியாக இருக்கும். முன்பதிவு செய்யும்போது தொலைபேசியில் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ரூபி வருமா என்று. டியூக்கை மட்டும் கொண்டு வருவதாகச் சொன்னால் வேறு தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.