முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்: உப்பு லாரி ஓட்டுநர் குடும்பங்களுக்கு

வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் லாரி ஒன்றில் என் அண்ணன் பதினொரு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தார். 2022 மார்ச்சில் ஒரு மாலை, பாரம் ஏற்றி முடித்து, மூட்டைகளின் மேல் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 40. இன்றும் அந்தக் காலால் அவரால் பிரேக்கை அழுத்தி மிதிக்க முடியாது. அவரை ஏமாற்றி எழுதி வாங்கிய தாளில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால், வேறு யாரும் அப்படிப் போட்டுவிடக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

ஏமாற்று, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே தொடங்கிவிட்டது. வண்டி முதலாளி என்னைப் போனில் அழைத்து, "தம்பி, வீட்டு மாடிப்படியில விழுந்துட்டாருன்னு சொல்லுங்க. இல்லைன்னா போலீஸ் கேஸாயிடும், அண்ணனுக்குத்தான் அலைச்சல்" என்றார். செலவை அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் நாங்களும் அப்படியே சொன்னோம். விபத்துப் பதிவேட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். பின்னாளில் எங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்பட்டது அந்த ஒரு வரிதான்.

இரண்டு மாதம் கழித்து, முதலாளிக்காகப் பேசி முடிக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வண்டி நின்றுகொண்டிருந்தபோது விழுந்ததால் அது விபத்துக் கணக்கில் வராது, இன்சூரன்ஸில் ஒரு பைசா கிடைக்காது என்றார். அண்ணனின் பெயர் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் இல்லை, அவர் வெறும் ஆக்டிங் டிரைவர்தான் என்றார். இருந்தும் முதலாளி மனமிரங்கி 45,000 ரூபாய் தருகிறார் என்று சொல்லி, முன்பே தட்டச்சு செய்திருந்த 100 ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து வைத்தார். அந்தப் பணத்திலேயே தமக்கென்று 5,000 ரூபாய் எடுத்துக்கொண்டார். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது. அண்ணி அடுப்படியில் நின்றபடி, "கொழுந்தனாரே, ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க" என்றார். நான் வாசிக்கவில்லை.

விபத்து நடந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடியபின், ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் வேறொரு காரியமாகப் போனபோதுதான், பேசி முடிக்க வந்தவர் சொன்ன எதுவும் உண்மையல்ல என்று தெரிந்தது. வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு பெறும் உரிமையைத் தந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பின்னாளில் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த உரிமைக்குத் தனி அத்தியாயம் உண்டு. வண்டி ஓடியதா நின்றதா என்று அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பதில்லை. காயம் வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்பட்டதா என்றுதான் கேட்கிறது. தார்ப்பாய் கட்டுவது ஓட்டுநரின் வேலையே. தற்காலிக ஆள் என்று சொல்லிக் கைகழுவும் வழியும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது.

கணக்கை வழக்கறிஞர் ஒரு தாளின் பின்புறத்தில் போட்டுக் காட்டினார். அண்ணனின் வருமானம் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல். ஆனால் 2020 முதல் கணக்குக்கு எடுக்கும் உச்ச வரம்பு அதுதான். முழு நிரந்தர ஊனம் என்றால் அதில் 60 விழுக்காடு, அதாவது 9,000 ரூபாய். 40 வயதுக்குச் சட்டம் வகுத்த பெருக்கல் எண்ணான காரணி 184.17, பெருக்கினால் 16,57,530 ரூபாய். அண்ணனுக்கு 40 விழுக்காடு ஊனம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்த விகிதத்தில் பார்த்தாலும் 6,63,012 ரூபாய் வருகிறது. இடது கையை இழந்த தச்சர் ஒருவரால் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே 1975-இல் உச்ச நீதிமன்றம் கருதியிருப்பதால், வண்டி ஓட்ட முடியாத ஓட்டுநருக்கும் முழுத் தொகையையே கேட்கிறோம். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம். முதலாளி கட்டிய மருத்துவச் செலவை இதில் கழிக்கவும் முடியாது. அண்ணன் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மனுச் செய்ய விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். எங்களுக்கு மூன்று வாரங்களே மீதமிருந்தன. தக்க காரணம் காட்டினால், இந்த இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அண்ணன் அந்த வண்டியில் வேலை பார்த்தார் என்பதற்கு எங்களைக் காப்பாற்றியவை பழைய ஷேவிங் டப்பா ஒன்றில் அண்ணி சேர்த்துவைத்திருந்த எடைமேடைச் சீட்டுகள். உப்புத் தூள் ஒட்டி மங்கிப்போன அந்தச் சீட்டுகளில் வண்டி எண்ணும், நாளும், ஓட்டுநர் என்ற இடத்தில் அண்ணனின் கையெழுத்தும் இருந்தன. முதலாளி கூகுள் பேயில் அனுப்பிய டிரிப் பணத்தின் கணக்கும் கைகொடுத்தது. உங்கள் வீட்டிலும் இவற்றை எறியாமல் வையுங்கள். மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடியே சொல்லி, விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பேசி முடிக்க யாராவது வந்தால், ஆணையர் முன் வைத்துப் பேசுவோம் என்று சொல்லுங்கள். தொழிலாளி வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுக் கொடுக்கலாம் என்பதால், முதலாளி வெளியூர்க்காரர் என்று தயங்க வேண்டியதில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. சென்ற விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த முத்திரைத்தாளை என்னிடம் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். "படித்துப் பார்த்துத்தானே போட்டீர்கள்?" என்றார். இல்லை என்று அண்ணியின் முன்னால் சொன்னேன்.