ஆசிரியர் வேலைக்குச் சாதிச் சான்று: வேலூர் இ-சேவை மையங்கள் எப்படி?

60 ரூபாய்க்கு இவ்வளவு உருப்படியான சேவை வேறெங்கும் இல்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம் என்று எந்தத் தாலுகாவில் மனு போட்டாலும் அது கணினி வழியாகவே விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), வட்டாட்சியர் அலுவலகம் என்று நகர்கிறது. டிஜிட்டல் கையொப்பமும் கியூஆர் குறியீடும் உள்ள சான்றை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். கட்டணத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், வழிகாட்டுதலுக்குப் பாதிகூடக் கிடையாது. மையத்தில் இருப்பவர் சொன்னதைத் தட்டச்சு செய்வார். அந்தச் சான்று ஆசிரியர் தேர்வு வாரியத்தில் (டி.ஆர்.பி.) செல்லுமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

அதிகம் அடிபடுவது திருமணமான பெண்கள்தான். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் கணவர் பெயர் இருக்கும். மனுவுக்குத் தேவையான கேன் எண்ணை (குடிமக்கள் பதிவு எண்) பதியும்போது அதுவே ஏறி, சான்றும் கணவர் பெயரோடு வந்துவிடும். சாதி பிறப்பால் வருவது, அதனால் சான்றில் தந்தை பெயர்தான் வேண்டும். கணவர் பெயரில் உள்ள சான்றைச் சான்றிதழ் சரிபார்ப்பில் ஏற்க மாட்டார்கள். பணம் கட்டும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தந்தை பெயர், இனிஷியல், சாதி உட்பிரிவு மூன்றையும் பள்ளி மாற்றுச் சான்றிதழோடு (டி.சி.) எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பணம் போன பிறகு திருத்தம் என்றால் பெரும்பாலும் புது மனுதான்.

கேட்கும்போதே 'சாதிச் சான்று' என்று கேளுங்கள், ஓபிசி வேண்டாம். ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று மத்திய அரசு வேலைக்கானது. கேந்திரிய வித்யாலயாவுக்கு அது தேவை, அங்கே கிரீமிலேயர் எனப்படும் 8 லட்ச ரூபாய் ஆண்டு வருமான வரம்பும் உண்டு. மாநிலத் தேர்வில் கிரீமிலேயர் கிடையாது, பி.சி., எம்.பி.சி. என்று அச்சான சான்றுதான் வேண்டும்.

தந்தையின் பழைய சான்றை ஸ்கேன் செய்யும்போது கவனம் வேண்டும். வேலூர் மாவட்டத்தின் பழைய பெயரான 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று அச்சான அட்டைகளில் ஊதா முத்திரை ஏற்கெனவே மங்கியிருக்கும். கோப்பைச் சுருக்கினால் அது வெறும் கறையாகிவிடும், மனுவும் திரும்பி வரும். வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில் எடுத்து, முத்திரை தெரிகிறதா என்று பார்த்து, பென் டிரைவில் கொண்டு போங்கள்.

பேரணாம்பட்டுப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சிக்கல். 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு தனியாகப் பிரிந்த பிறகு பி.சி.எம். (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) தனிப் பட்டியல். பழைய அட்டையில் பி.சி. என்று மட்டும் இருந்தால் புதிதாக வாங்குங்கள். 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதினால் போதாது. லப்பை, தக்காணி முஸ்லிம், ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பெயர் வேண்டும். அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 சதவீதம் 2009-இல் வந்தது, எஸ்.சி. என்று மட்டும் உள்ள பழைய சான்று வைத்திருக்கும் அருந்ததியரும் எஸ்.சி.(ஏ) என்று புதுச் சான்று எடுத்துவிடுவது நல்லது.

எஸ்.சி. சான்றில் வட்டாட்சியரும், பி.சி., எம்.பி.சி. சான்றில் துணை வட்டாட்சியரும் கையெழுத்திடுவார்கள். எஸ்.டி. சான்று மட்டும் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தர வேண்டும். பீஞ்சமந்தை மலைக்காரர்கள் இதை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். அங்கே வாழும் மலையாளி இனம் (கேரள மலையாளிகள் அல்ல) பழங்குடிப் பட்டியலில் மாவட்டம் குறித்துத்தான் இருக்கிறது, அதில் வட ஆற்காடும் ஒன்று. ஆர்டிஓ விசாரணைக்கு நாள் பிடிக்கும், தேர்வு அறிவிக்கை வந்த பிறகு மனு போடுவது ஆபத்து.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு: சித்தூரில் வாங்கிய சாதிச் சான்று இங்கே செல்லாது. அதை வைத்து விண்ணப்பித்தால் பொதுப்பிரிவுதான்.

கணவரை இழந்தவர்கள் வட்டாட்சியர் தரும் விதவைச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். இடஒதுக்கீட்டுக்கு வேண்டியது 'ஆதரவற்ற விதவை' சான்று, அதை ஆர்டிஓ தருவார். எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விவாகரத்தானவர்களும் கைவிடப்பட்டவர்களும் இதில் வர மாட்டார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பி.எட். வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளி, கல்லூரியிலும் தனித்தனியாகச் சான்று வேண்டும். அறிவிக்கையில் உள்ள படிவத்தையே அச்செடுத்துக்கொண்டு போங்கள். தொடக்கப் பள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள், பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க அங்கேதான் அதிக நாளாகும்.