ஷூ சோல் வரைய ரைனோ எப்படி? நான்கு வருட அனுபவம்

ஷூ சோலை வார்க்கும் மோல்டை ரைனோ என்கிற 3டி மென்பொருளில் டிசைன் செய்வது என் வேலை, ஆம்பூர் பக்கம். லாஸ்ட் என்கிற கால் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு நேர்கோடு கூடக் கிடையாது. நுனி மேலே தூக்கியிருக்கும், நடுவில் உள்பக்கம் குழியும், குதிகால் உருண்டிருக்கும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்தே போகாது. அதன் அடியில் இடைவெளி இல்லாமல் சோல் உட்கார வேண்டும், பக்கச் சுவரும் வழுவழுவென்று ஓட வேண்டும். மெஷின் பாகங்கள் வரைந்து பழகிய எனக்கு முதல் லாஸ்டைப் பார்த்ததும் கையே ஓடவில்லை. அதற்காகத்தான் ரைனோவுக்கு வந்தேன், இப்போது 8-வது பதிப்பில் இருக்கிறேன்.

முதல் வேலையில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். லாஸ்டை ஸ்கேன் எடுத்து, குறுக்கே 40 இடத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கோட்டிலும் புள்ளி புள்ளியாகப் பிடித்து, எல்லாவற்றையும், கோடுகளின் மேல் சர்ஃபேஸ் (பரப்பு) போர்த்தும் லாஃப்ட் கட்டளையிடம் கொடுத்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. மோல்ட் வெட்டி வந்த பிறகு பாலிஷ் போடுபவர் விரலால் ஒரு தடவு தடவி, "என்ன தம்பி, அலை அடிக்குது?" என்றார். வீட்டுக்கு வந்து, பரப்பின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை ஓட்டி நெளிவைக் காட்டும் ஜீப்ராவைப் போட்டுப் பார்த்தால் பட்டைகள் எல்லாம் நெளிந்து கிடக்கின்றன.

வழுவழுப்பு சர்ஃபேஸில் வருவதில்லை, அதற்கு முன்னால் போடும் கோட்டில் வருகிறது. இப்போது 8 வெட்டுக்கோடுதான் எடுக்கிறேன். ஒவ்வொன்றும் டிகிரி 3 (வளைவுக் கோட்டின் வழக்கமான படி), கோட்டை இழுத்து வளைக்கும் கண்ட்ரோல் பாயின்ட் ஏழெட்டுக்கு மேல் இல்லை, எல்லாக் கோட்டிலும் ஒரே எண்ணிக்கை, ஒரே திசை. வளைவின் அளவைக் காட்டும் கர்வேச்சர் கிராஃபைப் போட்டால் கோட்டின் மேல் சீப்புப் பல் மாதிரி நிற்கும், அந்தப் பல் நுனிகள் சீராக ஏறி இறங்கினால் சரி, நடுவில் குதித்தால் கோட்டை ரீபில்ட் செய்து (திரும்பக் கட்டி) புள்ளியைக் குறைக்க வேண்டும். ஸ்கேனிலிருந்து கொஞ்சம் விலகும்தான், பாயின்ட் டீவியேஷன் அது எவ்வளவு என்று காட்டிவிடும். சுவர் பக்கம் 0.2 மில்லிமீட்டர் விலகினால் நான் கவலைப்படுவதில்லை, லாஸ்ட் தொடும் இடத்தில் விடமாட்டேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் பேட்ச் கட்டளையில்தான் போய் விழுகிறார்கள். எந்த வடிவ ஓட்டையையும் மூடிக் கொடுக்கும் என்பதால் மந்திரம் மாதிரி தெரியும். ஆனால் அது விளிம்போடு ஏறக்குறையத்தான் பொருந்தும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் பக்கத்துப் பரப்போடு ஜாயின் ஆகாது, சாலிட் (கன உருவம்) மூடாது, மோல்டை வெட்டும் சிஎன்சி மெஷின் ஆபரேட்டரிடமிருந்து போன் வரும். நுனிப்பகுதி மூன்று பக்கமாகக் குறுகும் இடத்தில் எல்லாக் கோட்டையும் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள், அங்கே சுருக்கம் விழும். தேவையை விடப் பெரிதாக நாலு பக்க சர்ஃபேஸ் ஒன்று போட்டு அதை டிரிம் செய்துவிட்டு, பக்கத்துச் சுவரோடு, இரண்டையும் இணைக்கும் ப்ளெண்ட் சர்ஃபேஸால் சேர்த்துவிடுங்கள். அதில் கர்வேச்சர் (வளைவும் ஒத்துப்போவது) என்று தேர்ந்தெடுத்தால் ஜீப்ரா பட்டை இணைப்பில் ஒடியாமல் கடக்கும். டேன்ஜென்சி (திசை மட்டும் ஒத்துப்போவது) கொடுத்தால் பட்டை தொடும், ஆனால் அங்கே ஒரு முறிவு தெரியும், பளபளப்பான சோலில் அதைக் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

ஸ்போர்ட்ஸ் ஷூவின் புடைப்பும் பள்ளமுமான சுவருக்கு, 7-வது பதிப்பில் வந்த சப்டி (ஒரு கூண்டை இழுத்து வடிவம் செய்யும் முறை) ஒரு வரப்பிரசாதம். களிமண் மாதிரி இழுக்கலாம், தானாக வழுவழுப்பாகிவிடும், முடிந்ததும் ரைனோவின் வழக்கமான துல்லியப் பரப்பான நர்ப்ஸாக மாற்றி மோல்டுக்குக் கொடுக்கலாம். லாஸ்டோடு இம்மி பிசகாமல் பொருத்த மட்டும் அதை நம்பாதீர்கள், நாம் இழுக்கும் கூண்டு ஒரு இடத்தில், பரப்பு வேறு இடத்தில் இருக்கும். லாஸ்ட் தொடும் பரப்பு நர்ப்ஸ், வெளிச்சுவர் சப்டி என்று பிரித்துக்கொள்கிறேன். மூன்றோ ஐந்தோ விளிம்பு கூடும் நட்சத்திரப் புள்ளிகளை வெளிச்சம் விழாத இடத்துக்குத் தள்ளிவிடுவேன். 8-ல் வந்த ஷ்ரிங்க்ராப் ஓட்டை விழுந்த ஸ்கேன்மேல் மூடிய மெஷ் (வலை) ஒன்றைப் போர்த்திக் கொடுக்கிறது, அதற்காகவே 8-க்கு மேம்படுத்தலாம்.

குறை? திருத்தம்தான். பார்ட்டி வந்து "குதிகாலை 3 மில்லி ஏத்துங்க" என்றால் மெஷின் பாகம் வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் மாதிரி ஒரு அளவை மாற்றிவிட்டு எழுந்துபோக முடியாது, வரைந்த படிகளை நினைவில் வைக்கும் ஹிஸ்டரி இருந்தாலும் அது எளிதில் அறுந்துவிடும், பெரும்பாலும் பாதி சர்ஃபேஸைத் திரும்பப் போட வேண்டியதுதான். கட்டங்களை இணைத்து வேலையைத் தானாக ஓடவைக்கும் கிராஸ்ஹாப்பர் கூடவே வருகிறது, சைஸ் ஏற்றும் வேலையை அதில் கட்டி வைத்திருக்கிறேன் (ஐரோப்பிய ஷூ சைஸ் முறையான பாரிஸ் பாயின்ட்டில் ஒரு சைஸுக்கு நீளம் 6.67 மில்லிமீட்டர் கூடும், அகலம் அந்த விகிதத்தில் கூடாது, அதனால் மொத்தமாக ஸ்கேல் போட முடியாது). நெளிந்த விளிம்பில், முனையை உருட்டும் ஃபில்லட்டும் பல நேரம் மறுத்துவிடும். விளிம்பு நெடுக பைப் (குழாய்) போட்டு வெட்டி ப்ளெண்ட் செய்யும் பழைய வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

விலை 995 டாலர், மாணவர்களுக்கு 195. ஒருமுறை வாங்கினால் போதும், வருடச் சந்தா இல்லை, என்னைப் போன்ற ஓராள் கடைக்கு இதுதான் பெரிய விஷயம். வாங்கும் முன் 90 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் டீபாட் வரைந்து நாளைக் கழிக்காமல், கையில் இருக்கும் ஒரு நிஜ வேலையை ஸ்கேனிலிருந்து மோல்ட் வரை அதில் கொண்டுபோய்ப் பாருங்கள். கெடு முடிந்தால் ஃபைலைத் திறக்கும், சேவ் செய்யாது, அதனால் 89-வது நாள், மற்ற மென்பொருளும் திறக்கும் ஸ்டெப் ஃபைலாக ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள்.