காலி அலைவரிசையைத் தேட இந்தக் குட்டி டாங்கிள் போதுமா?

காக்னிட்டிவ் ரேடியோ (காலியான அலைவரிசையைத் தானே கண்டுபிடித்துப் பயன்படுத்தும் ரேடியோ) ஆய்வுக்காக ஆறு மாதமாக ஒரு யூஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிளோடு, அதாவது கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் ரேடியோ ரிசீவரோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் அளவுதான். சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி 8 பிட், நொடிக்கு 24 லட்சம் சாம்பிள். ஸ்பெக்ட்ரம் சென்சிங் (எந்த அலைவரிசை காலி என்று கண்டறிவது) பழகுபவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

முதல் வாரம் படாதபாடு படுத்தியது. யாரும் ஒலிபரப்பாத சேனலிலும் 'ஆள் இருக்கு' என்றே காட்டியது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெளி சிக்னல் எதுவும் நுழையாதபடி 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டினேன். அப்போதும் இரைச்சல் மட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. டாங்கிளைத் தொட்டால் சுட்டது; சூடு ஏற ஏற மட்டமும் நகர்ந்திருக்கிறது. பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்து, அரை மணி நேரம் சூடேற விட்டு, அதற்குப் பிறகு 'ஆள் இருக்கு' என்று சொல்வதற்கான ஆற்றல் வரம்பை நிர்ணயித்தேன். அதன் பிறகுதான் பொய் எச்சரிக்கை அடங்கியது.

ஆற்றலை மட்டும் அளக்கும் முறைக்கு ஒரு சுவர் உண்டு. இரைச்சல் அளவில் 1 டெசிபல் நிச்சயமின்மை இருந்தாலே போதும். சிக்னல் இரைச்சலைவிட சுமார் 3.3 டெசிபலுக்கு மேல் கீழே போய்விட்டால், எத்தனை சாம்பிள் சேர்த்தாலும் நம்பிப் பிடிக்க முடியாது. காலி டிவி சேனல்களைப் பயன்படுத்தும் ரேடியோக்களுக்கான ஐஇஇஇ 802.22 தரமோ டிஜிட்டல் டிவி சிக்னலை மைனஸ் 116 டிபிஎம்மிலேயே, அதாவது இரைச்சலுக்கு வெகு கீழேயே, கண்டறியச் சொல்கிறது! அதனால் டிவி சிக்னலோடு சேர்ந்தே வரும் ஒற்றை அதிர்வெண் அடையாளமான பைலட் தொனியைத் தேடும் முறைக்கு மாறினேன். அதுவரை இரைச்சலுக்குள் புதைந்து கிடந்த சிக்னல் திரையில் ஊசிமுனை போல எழுந்து நின்றது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

பக்கத்தில் வலுவான எஃப்எம் நிலையம் இருந்தால், அதைத் தடுக்கும் வடிகட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த வலுவான சிக்னலிலேயே 8 பிட் சீக்கிரம் நிரம்பிவிடும். இல்லாத இடத்திலெல்லாம் போலி சிக்னல் முளைக்கும்.