14416 மனநல உதவி எண்: ஒரு தையல்காரம்மா போடும் மதிப்பெண்

என் மகளுக்குப் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி வரும். ஞாயிற்றுக்கிழமை வராது. இதைக் கவனிக்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, மந்திரித்துத் தாயத்தும் கட்டியாகிவிட்டது. பத்தாவதில் 471 எடுத்தவள், பதினொன்றாவதில் முதல் பரீட்சையிலேயே இரண்டு பாடத்தில் ஃபெயில். "போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும்" என்றார் வீட்டுக்காரர். பிடுங்கினார். சாப்பாடும் நின்றுபோனது.

முதலில் போனது ஒரு தனியார் கவுன்சிலிங் சென்டருக்கு. பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்கு 800 ரூபாய். ஏசி அறை, சுவர் முழுக்கச் சான்றிதழ். முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு, அவள் எதிரிலேயே, "சித்தி பெண்ணோடு ஒப்பிட்டே பேசுகிறீர்களாமே" என்று ஆரம்பித்து, அவள் நம்பிச் சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது அவள் சொன்னது ஒரே வரி: "இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்." கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநல உளவியலாளர்) என்றால் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், கேட்டுப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிளவுஸ் தைக்கக் கொடுக்கவே நாலு பேரிடம் விசாரிப்பவள் நான்.

14416 என்பது டெலி மானஸ். போனிலேயே மனநல ஆலோசனை தரும், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டேன். "என் பெண்ணிடம் கொஞ்சம் பேசுங்க மேடம்" என்றேன். "அவள் பேச விரும்புகிறாளா என்று கேட்டீர்களா அம்மா?" என்றார் போனில் பேசிய ஆலோசகர். கேட்கவில்லைதான். அப்புறம், சாவதைப் பற்றி எப்போதாவது பேசினாளா என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் தெரியும் என்றார். மாத்திரை, எலி மருந்து எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கச் சொன்னார். மறுநாள் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டேன். "சில நேரம் தோணும்மா" என்றாள். அன்று தையல் மெஷினைத் தொடவில்லை. திரும்ப அந்த எண்ணைக் கூப்பிட்டேன். இந்த முறை அவளே போனை வாங்கிக்கொண்டாள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடனே போகச் சொன்னார்கள்.

அங்கே வசதியை எதிர்பார்க்காதீர்கள். ஓ.பி. சீட்டுக்கே ஒரு மணி நேர வரிசை. மனநலப் பிரிவு எங்கே என்று சத்தமாகக் கேட்க எனக்குக் கூச்சம். சீட்டை அளவு நோட்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன். உட்காரப் போட்டிருந்த பெஞ்சில் ஒரு கால் ஆட்டம். ஆனால் டாக்டரம்மா முதலில் அவளைத் தனியாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே அவளிடம், "நீ சொன்னது என்னோடு இருக்கும். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அம்மாவிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்" என்றார். 800 ரூபாய்க்குக் கிடைக்காதது அதுதான். ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை இருந்தது. அதற்கு மட்டும் இரும்புச்சத்து மாத்திரை. மூன்றாவது முறை வீட்டுக்காரரையும் வரச் சொல்லி, போனைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

குறை என்றால், கவுன்சிலிங் கொடுப்பவர் வாரத்தில் ஒரு நாள்தான் உட்காருகிறார். அது பள்ளி நாள், லீவு போட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது காய்ச்சல் கதை எழுதிக் கொடுக்கிறேன். வயிற்று வலி இப்போது வாரத்துக்கு ஒன்று, இரண்டு நாள்தான்.

14416 எண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. ஆஸ்பத்திரிக்கு நான்கு, டாக்டரம்மாவுக்காக. எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உள்ளே போனதும் கதவருகில் காது வைத்து நிற்காதீர்கள். நான் முதல் நாள் நின்றேன், நர்ஸம்மா திட்டினார்.